ஒரு ‘ஆனால்’, ஒன்பது ஆங்கிலச் சொல்

(எதிர்ப்பு, முரண், மறுப்பு இவற்றைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.)

தொடக்கநிலை ஆறில் படிக்கும் மகள் ‘ஆல்தோ’ என்று தொடங்கி, நடுவில் ‘பட்’ போட்டு எழுதினாள். ஆசிரியர் ‘பட்’டை அடித்துவிட்டார். ‘மழை பெய்தாலும் போனோம்’ என்றுதானே எழுதியிருக்கிறாள், என்ன தவறு?
– ஈசூன் வாசகி

நீங்கள் எழுதிய தமிழ் வாக்கியத்தையே பாருங்கள். அதில் ‘ஆனால்’ இல்லை. ‘பெய்தாலும்’ என்ற வினையின் வாலில் இருக்கும் ‘ஆலும்’ ஒன்றே முரணைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘ஆல்தோ’. நாம் வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ‘பட்’டுக்கு வேலையில்லை.

பிள்ளைகளுக்கு இரண்டும் ஏன் சேர்ந்து வருகிறது என்றால், வீட்டுப் பேச்சில் நாம் இரண்டு அடையாளம் வைத்துப் பேசுகிறோம்: “மழை பெஞ்சுச்சுதான், ஆனாலும் போனோம்.” முன்பாதியில் ‘தான்’, பின்பாதியில் ‘ஆனாலும்’. சீனத்திலும் ‘சுய்ரான்’ என்று தொடங்கினால் பின்பாதியில் ‘தான்ஷி’ வருவது வழக்கம். பக்கத்து மேசைத் தோழியும் அதே தவறைச் செய்வதால் காதுக்கு அது தவறாகவே படுவதில்லை. வழி எளிது: வாக்கியத்தை எழுதி முடித்ததும் ‘ஆல்தோ’ உள்ள பாதியைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள். மிச்சம் ‘பட்’டில் தொடங்கினால் அடித்துவிட வேண்டியதுதான். பழைய நூல்களில் ‘ஆல்தோ’வுக்குப் பின் ‘யெட்’ வருவதுண்டு. தேர்வில் அதையும் தவிர்ப்பது நல்லது.

‘டிஸ்பைட்’ போட்டு இரண்டு வாக்கியங்களை இணைக்கச் சொன்னால் பையன் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறான். எதிலிருந்து தொடங்கிச் சொல்லித்தருவது?
– பொங்கோல் வாசகர்

தமிழில் ‘மீறி’ என்பதிலிருந்து தொடங்குங்கள். ‘மழையையும் மீறி’ என்போம். ‘மழை பெய்தது மீறி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘டிஸ்பைட்’டும் அப்படித்தான். அதன் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், ‘இங்’கில் முடியும் சொல் வரலாம். ‘டிஸ்பைட் ஹீ வாஸ் இல்’ என்று எழுவாயும் வினையுமாக முழு வாக்கியம் வரக்கூடாது. ‘டிஸ்பைட் ஹிஸ் இல்னஸ்’ அல்லது ‘டிஸ்பைட் பீயிங் இல்’ சரி.

பி.எஸ்.எல்.இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கிலத் தாளின் வாக்கிய இணைப்புப் பகுதியில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம், சொல்லை உருமாற்றுவது. ‘புவர்’ என்பது ‘பாவர்ட்டி’ ஆக வேண்டும். ‘டிட்டர்மிண்ட்’ என்பது ‘டிட்டர்மினேஷன்’. கூடவே வந்த சொல்லும் மாறும்: ‘இட் ரெய்ன்ட் ஹெவிலி’ என்றிருந்தது ‘த ஹெவி ரெய்ன்’ ஆகும்போது ‘ஹெவிலி’யின் வால் போய்விடுகிறது. இதை மறந்துதான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இன்னொரு பள்ளம்: ‘இங்’ வடிவம் போட்டால் இரண்டு பாதிக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். ‘டிஸ்பைட் ரெய்னிங் ஹெவிலி, வீ வென்ட் அவுட்’ என்றால் மழையாகப் பெய்தவர்கள் நாம்தான் என்று ஆகிவிடும்! எழுவாய் வேறானால் பெயர்ச்சொல்லுக்கே போங்கள்.

‘டிஸ்பைட் ஆஃப்’ என்பது கிடையாது. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வேறு, ‘டிஸ்பைட்’ வேறு. பொருள் ஒன்று என்பதால் வால் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

‘ஹவ்எவர்’ போடும்போதெல்லாம் கணினி அடிக்கோடு காட்டுகிறது. ஏன்?
– ஜூரோங் வாசகி

முன்னால் காற்புள்ளி மட்டும் வைத்திருப்பீர்கள். ‘பட்’ இணைப்புச் சொல். இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளியோடு சேர்த்துக் கட்டும். ‘ஹவ்எவர்’ அப்படிக் கட்டாது. முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி.

‘ஆன் த கான்ட்ரரி’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ இரண்டும் ஒன்றுதானே?
– தெம்பனிஸ் வாசகர்

இல்லை. முதலாவது, முன்பு சொன்னதைப் பொய் என்று தள்ளும்: ‘அவன் சோம்பேறி இல்லை, மாறாக, நாள் முழுவதும் உழைக்கிறான்.’ இரண்டாவதில் இரண்டு பக்கமும் மெய்: ‘ரயில் வேகம், பேருந்தோ புளோக் வாசலிலேயே நிற்கும்.’ ரயில்-பேருந்து வாக்கியத்தில் ‘ஆன் த கான்ட்ரரி’ போட்டால், ரயில் வேகமில்லை என்று நீங்கள் வாதாடுவதாக ஆகும்.

வாடிக்கையாளர் புகாருக்கு மேலாளர் எழுதிய மின்னஞ்சலில் ‘வீ ரெஃப்யூட்’ என்று இருந்தது. ‘டினை’ என்று மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை. யார் சரி?
– சுவா சூ காங் வாசகி

மின்னஞ்சலோடு ஆதாரம் எதுவும் இணைக்கவில்லை என்றால் நீங்கள். ‘டினை’ என்றால் ‘அப்படி நடக்கவில்லை’ என்று சொல்வது, சொன்னாலே போதும். ‘ரெஃப்யூட்’ என்றால் பொய்யென்று நிறுவிக்காட்டுவது. வெறும் மறுப்புக்கே செய்தித்தாள்களில் அது புழங்கினாலும், விவரம் தெரிந்தவர் படித்தால் “எங்கே ஆதாரம்?” என்று கேட்பார். ‘ரிபட்’ இரண்டுக்கும் நடுவே: ஆதாரத்தோடு பதிலடி கொடுப்பது, அந்த ஆதாரம் நின்றதா என்பது வேறு விஷயம். பில் தொகையில் தகராறு என்றால் ‘டிஸ்ப்யூட்’ போதும். பொய் என்று யாரையும் சொல்லாமல், ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் அது தெரிவிக்கும். வாடிக்கையாளருக்கு எழுத இதுவே நயமானது என்பது எங்கள் எண்ணம்.

‘கான்ட்ரடிக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘எதிர்த்துச் சொல்’ என்பதே அதன் வேர்ப்பொருள். ஆள்மேல் அதை ஏவினால் உறைக்கும். ‘உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றையொன்று கான்ட்ரடிக்ட் செய்கின்றன’ என்று தாள்மேல் ஏவினால் வேலை நடக்கும்.

போகிறபோக்கில் இரண்டு: ‘அப்போஸ்’ வினையாக வந்தால் ‘டு’ வேண்டாம், ‘அப்போஸ்ட்’ என்றால் ‘டு’ வேண்டும். ‘அப்ஜெக்ட் டு பே’ தவறு, ‘அப்ஜெக்ட் டு பேயிங்’ சரி.

வாடகை ஒப்பந்தத்தில் ‘நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ் 5’ என்று ஒரு வரி. எது செல்லும்?
– உட்லண்ட்ஸ் வாசகர்

5ஆம் பிரிவு என்ன சொன்னாலும், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பிரிவே மேலோங்கும். ‘சப்ஜெக்ட் டு கிளாஸ் 5’ என்றிருந்தால் நேர்மாறு: 5ஆம் பிரிவே மேல். கையெழுத்துப் போடுமுன் இந்த இரண்டு சொற்களும் எங்கெல்லாம் வருகின்றன என்று வட்டமிட்டு, சுட்டிய பிரிவை அருகில் வைத்துப் படியுங்கள். முன்பணம், முன்கூட்டியே காலி செய்வது பற்றிய பிரிவுகளில் கூடுதல் கவனம் தேவை.

‘வேர் காட்!’ (‘எங்கே இருக்கு!’) என்று மறுப்பது நம் சிங்கப்பூர்ச் சரக்குதானா?
– பிடோக் வாசகி

ஆமாம். மலாயில் ‘மானா ஆடா’ என்பதும் இதே அச்சுதான். தமிழுக்கும் இது புதிதில்லை: “அவன் எங்கே வந்தான்!” என்றால் வரவில்லை என்றே பொருள். கேள்வியின் உருவில் மறுப்பு. “ஹீ பெய்ட் ஆல்ரெடி வாட்” என்று கடைசியில் ஒட்டும் ‘வாட்’டும் மறுப்புதான், ‘இதுகூடத் தெரியாதா’ என்ற தொனி அதில் கூடுதலாக உண்டு. காப்பிக் கடையில் இரண்டும் இனிக்கும். நேர்காணலில் “ஐ டோன்ட் திங்க் தட்ஸ் தி கேஸ்” என்று சொல்லிவிட்டு, உடனே காரணத்தைச் சொல்லுங்கள்.