சிப்பாய் போட்டோவுல காலுக்குப் பின்னாடி தெரியற ஸ்டாண்ட், செத்தவங்களை நிறுத்தி வச்சு எடுத்ததுக்கு அடையாளமா?

இல்லவே இல்லைங்க. நீங்களும் வாட்ஸப்ல வந்த அந்த "பிணத்தோட போட்டோ" ஃபார்வர்டைப் பாத்துட்டுதான் கேக்கறீங்கன்னு நெனைக்கறேன், அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்.

நான் பென்சில்வேனியாவுல இருக்கேன், அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) சிப்பாய்ங்களோட கார்ட் போட்டோ சேக்கறேன். சீட்டுக்கட்டு சைஸ் அட்டை, பாரிஸ்ல டிஸ்டேரிங்கறவர் 1854ல பேட்டன்ட் வாங்கின முறை, ஒரே பிளேட்ல எட்டு படம் வரை எடுக்கலாம், அதனால விலை கம்மி, சாதாரண சிப்பாய் கூட போருக்குப் போறதுக்கு முன்னாடி நாலஞ்சு காப்பி போட்டு வீட்டுக்குக் குடுத்துட்டுப் போனான். ஒரு பழைய சாமான் சந்தையில ஒரு வியாபாரி இப்படி ஒரு கார்டை எடுத்துக் காட்டி, பூட்ஸுக்கு நடுவுல இரும்பு அடிக்கட்டை தெரியுது பாருங்க, இது செத்த ஆளு, அதான் விலை அதிகம்னாரு. லென்ஸ் வச்சுப் பாத்தேன். முகம் கண்ணிமை வரைக்கும் பளிச்னு இருக்கு, ஆனா துப்பாக்கியைப் பிடிச்சிருந்த கை விரல் மட்டும் கலங்கியிருக்கு. அதாவது விரலை அசைச்சிருக்கான்! செத்தவன் எப்படிங்க அசைப்பான்? அப்போ ஸ்டுடியோவுக்குள்ள வெளிச்சம் பத்தாது, சில செகண்ட் அசையாம நிக்கணும், அதுக்குத்தான் பின்மண்டையில ஒரு கவட்டை முட்டுக்குடுக்கும், அவ்வளவுதான் அந்த ஸ்டாண்டோட வேலை. ஒரு ஆளோட முழு வெயிட்டை அது தாங்காது. செத்தவங்களைப் போட்டோ எடுக்கவே இல்லைன்னு நான் சொல்லலை, எடுத்தாங்க, பெரும்பாலும் படுக்க வச்சோ சாய்ச்சு வச்சோதான், கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க.

இன்னொரு வயித்தெரிச்சலையும் சொல்லிடறேன். 1864 செப்டம்பர்லேர்ந்து 1866 ஆகஸ்ட் வரைக்கும் போட்டோவுக்கு வரி உண்டு, 25 சென்ட் வரைக்கும் உள்ள படத்துக்கு 2 சென்ட் ஸ்டாம்பு, பின்னாடி ஒட்டி பேனாவால அடிச்சிருப்பாங்க. படம் எந்தக் காலம்னு சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்டாம்பு சேக்கறவங்க அதைத் தண்ணியில ஊற வச்சு உரிச்சிடறாங்க, ஆல்பத்தைப் பிரிச்சு ஒவ்வொண்ணா விக்கறவங்க இன்னும் மோசம், பக்கத்துல எழுதியிருந்த பேரு ஆல்பத்தோடயே போயிடும், அப்புறம் அந்தப் பையன் யாரோ எவரோ.

உங்ககிட்ட இருக்கற கார்டோட பின்பக்கத்தையும் எடுத்துப் போடுங்க, ஸ்டுடியோ பேரு இருந்தா பாக்கலாம்.