காலஹாரிக்குப் போகும் வண்டியில் இரண்டாவது பேட்டரி: முதலில் வயரைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வண்டி 2019 ஃபார்ச்சூனர் டீசல். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு காலஹாரிப் பாலைவனத்தில் உள்ள க்கலகாடி வனப் பூங்காவுக்குப் போகிறோம். பத்து நாளில் பாதி நாள் கரண்ட் இல்லாத இடத்தில் கூடாரம். 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டேன். அம்மாவின் இன்சுலினும் அதில்தான் இருக்கும். ஒரு கடைக்காரர் 105 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள் (மெதுவாக, நெடுநேரம் கரண்ட் தரும் ஈய) பேட்டரியும் ஒரு ரிலேயும் போதும் என்கிறார். இன்னொருவர் லித்தியம்தான் போட வேண்டும் என்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எதைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டு பேருமே உங்களிடம் தொட்டியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் பட்டறைக்கு "பேட்டரி போய்விட்டது" என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். அது ஒரு நாளும் முழுதாக நிரம்பியிருக்காது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜ் மாதிரியான கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். டர்பன் வீட்டு வராந்தாவில் அது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். டிசம்பர் காலஹாரியில் நிழலிலேயே 40 டிகிரி தொடும்; மூடிய வண்டிக்குள் கேட்கவே வேண்டாம். பாதி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள்: 4 ஆம்பியர், 12 மணி நேரம், ஆக நாளுக்கு 48 ஆம்பியர்-மணி. கூடாரத்தில் எல்.இ.டி. விளக்கு, நான்கு போன், கேமரா எல்லாம் சேர்ந்து இன்னொரு 9. ஆக 57. இந்த எண்ணை மறக்காதீர்கள்; மீதி முடிவுகளெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

105 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 105-ஐயும் எடுக்கக் கூடாது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே கையில் இருப்பது 52 சொச்சம்தான். முழு சார்ஜில் ஆரம்பித்தாலும் ஒரு நாளைக்கே கொஞ்சம் பற்றாது. 100 ஆம்பியர்-மணி லித்தியத்தில் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். எடையும் 12 கிலோ அளவுதான். ஈயத்தில் அதே அளவு 25 கிலோவைத் தாண்டும்.

"வண்டியில் இருக்கிற பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜை ஓட்டினால் என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்த பேட்டரிக்குள் தகடுகள் மெல்லியவை, நிறைய இருக்கும். செல்ஃப் அடிக்கும் இரண்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காகச் செய்தது. மெதுவாக, ராத்திரி முழுக்கக் கொடுப்பது அதன் வேலையில்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் பழைய பேக்கியில் (பிக்அப் வண்டியில்) இரண்டு பேட்டரியையும் ஒரு தடித்த வயரால் நேரடியாக இணைத்துக்கொண்டு ட்ராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில் போய்ப் படுத்தேன். நடுவில் பிரிக்க எதுவும் இல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஃப்ரிட்ஜ் ஒன்றை மட்டும் குடிக்கவில்லை, இரண்டையும் சேர்த்தே குடித்திருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த ஆட்டிறைச்சி வெதுவெதுப்பாக இருந்தது என்பது தனிக் கதை.

அந்தப் பிரிக்கிற வேலைக்குத்தான் உங்கள் கடைக்காரர் சொன்ன ரிலே. பொதுவாக முன் பேட்டரி (வண்டியோடு வந்தது; புதிதாகப் போடுவது பின் பேட்டரி) 13.3 வோல்ட் தொட்டால் இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். பழைய வண்டிகளுக்கு, ஈய பேட்டரியோடு, அது குறைசொல்ல முடியாத சாமான். ஆனால் இப்போது பல வண்டிகளில், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. டீசல் மிச்சம் பிடிப்பதற்காக, முன் பேட்டரி நிரம்பியதும் வோல்டேஜை இறக்கிவிடும். அப்போது ரிலே பிரிந்துவிடும், அல்லது சேர்ந்தே இருந்தாலும் பின் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். லித்தியத்தோடு அந்த ரிலேயைப் போட்டால் வேறு தொல்லை. லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் பார்க்கும் ரிலேயாக இருந்தால், இன்ஜின் நின்ற பிறகும் பிரியாமல் கிடக்கும். போதாததற்கு, காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரிடமிருந்து கிடைத்த அளவு கரண்டை இழுத்து அதைச் சூடேற்றும்.

ஃபார்ச்சூனர் நம் டர்பன் பிராஸ்பெக்டனில் செய்கிற வண்டிதான். ஆனாலும் எந்த வருட மாடலில் எது இருக்கிறது என்று நினைவிலிருந்து சொல்வதைவிட அளந்து பார்ப்பதே மேல். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி முனைகளில் பாருங்கள். 14-க்கு மேல் இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஹெட்லைட்டும் ஏ.சி.யும் அணைத்து, இன்ஜின் ஓடும்போதே மறுபடி பாருங்கள். 14 பக்கத்திலேயே நின்றால் பழைய வகை. 13-க்குக் கீழே போனால் ரிலேயை மறந்துவிடுங்கள்.

எப்படியானாலும் நான் உங்களுக்குப் போடச் சொல்வது, ரிலேக்குப் பதிலாக இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உட்காரும் டிசி-டிசி சார்ஜர். உள்ளே வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும், வெளியே அந்தந்த பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜை அதுவே தரும்; லித்தியம் என்றால் 14.4 அளவில். 25 ஆம்பியர் அளவு உங்களுக்குப் போதும். வாங்கும்போது லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று பெட்டியிலேயே பாருங்கள். இக்னிஷன் வயரைக் கட்டாயம் இணையுங்கள். வோல்டேஜ் குறைந்தாலும் இன்ஜின் ஓடுகிறது என்று சார்ஜருக்குத் தெரிவிப்பது அந்தச் சின்ன வயர்தான்.

இனி வயர். நான் அதிகம் சண்டை போடுவது இங்கேதான். போனட்டிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து 5 மீட்டர் ஆகும், போகவர 10. 25 ஆம்பியர் வெளியே தரும் சார்ஜர் உள்ளே 30 இழுக்கும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் வழியிலேயே ஏறத்தாழ 0.9 வோல்ட் தொலையும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 சொச்சம்தான். கடையில் 'தடித்த வயர்' என்று கேட்டு வாங்காதீர்கள். மேலே ரப்பர் தடிமனாகவும் உள்ளே செம்பு கொஞ்சமாகவும் இருக்கும் வயர்கள் உண்டு. செம்பு பூசிய அலுமினியமும் உண்டு. நுனியைச் சீவிப் பாருங்கள், இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். சார்ஜருக்கும் பின் பேட்டரிக்கும் நடுவில், பின் பேட்டரியை ஒட்டி, 40 ஆம்பியர் ஃப்யூஸ். வயர் எங்காவது உரசி வண்டியின் உடல் தகட்டில் பட்டால் எரியப்போவது ஃப்யூஸா வண்டியா என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் வளையத்தின் வழியாகவே வயரை நுழையுங்கள். புதிதாக ஓட்டை போட்டால் அதற்கும் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை) சுத்தியலால் தட்டிப் பிடிக்க வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அறுகோணமாக அழுத்தும் கருவியால் அழுத்த வேண்டும். அழுத்தியபின் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஃபார்ச்சூனர் தனிச் சட்டத்தின் மேல் உடல் உட்கார்ந்த வண்டி. எனவே பின்னால் ஏதோ ஒரு சீட் போல்ட்டில் எர்த் அடிப்பதை நான் நம்புவதில்லை. நெகடிவ் வயரையும் முன்னாலிருந்தே இழுங்கள். முன் பேட்டரியின் நெகடிவ் முனையில் சிறு சென்சார் பெட்டி இருந்தால் பேட்டரி முனையில் மாட்டாமல், சென்சாருக்கு அடுத்து உடல் பக்கத்து எர்த்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டிக் கம்ப்யூட்டரின் கணக்கு தப்பிப்போகும்.

பேட்டரி எங்கே? போனட்டுக்குள் வேண்டாம், அந்தச் சூடு லித்தியத்துக்கு ஆகாது. மூன்றாவது வரிசை சீட்டில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட் ஓட்டைகளிலேயே பெட்டியைப் பிணையுங்கள். அந்த 12 கிலோ பேட்டரி இரும்புப் பட்டையால் கட்டப்படாமல் கிடந்தால், அவசரமாக பிரேக் அடிக்கும்போது உங்கள் பிள்ளைகளின் தலை உயரத்தில் வரும். ஈயம்தான் என்று முடிவு செய்தால், தண்ணீர் ஊற்றும் வகையை வண்டிக்குள் வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஏ.ஜி.எம். எனப்படும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகைதான் சரி.

நிறையப் பேர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில் வாங்கிய வீட்டு பேட்டரியை வண்டியில் வைக்கலாமா? சுவரில் தொங்கும் லித்தியம் பெரும்பாலும் 51.2 வோல்ட், தொடவே வேண்டாம். சக்கரம் வைத்த தள்ளுவண்டி மாதிரி இன்வர்ட்டருக்குள் இருந்த ஈய பேட்டரிகள் 12 வோல்ட்தான், ஆனால் தினமும் இரண்டு தடவை காலியாகித் தேய்ந்தவை. மச்சான் சும்மா தருகிறார் என்றாலும் வாங்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் பக்கம் ஒரே எச்சரிக்கை. வண்டியின் சிகரெட் சாக்கெட்டில் சொருகாதீர்கள். அந்த மெல்லிய வயரில், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரியும். பேட்டரி காலி என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னையே அணைத்துக்கொள்ளும். பின் பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ், முடிவில் ஹெல்லா ப்ளக் (சிகரெட் ப்ளக்கைவிட இறுக்கமாக உட்காரும் சின்ன ப்ளக்). மண் ரோட்டில் குலுங்கினாலும் கழலாது.

உங்கள் பயணத்துக்கு இது போதுமா? டர்பனிலிருந்து புளூம்ஃபோன்டெய்ன், கிம்பர்லி, அப்பிங்டன் வழியாகப் பூங்காவின் ட்வீ ரிவியரன் வாசலுக்கு 1,400 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போது பேட்டரி நிரம்பியிருக்கும். பூங்காவுக்குள் வேக வரம்பு 50 கிலோமீட்டர். காலையும் மாலையும் விலங்கு பார்க்கச் சுற்றுவதில் நான்கு மணி நேரம் இன்ஜின் ஓடினால் 100 ஆம்பியர்-மணி உள்ளே வரும். உங்களுக்கு வேண்டியது 57. சிங்கம் படுத்திருக்கிறது என்று இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டியை அசைக்காமல் இரண்டு நாள் ஒரே இடத்தில் இருக்கத் திட்டம் என்றால் 114 வேண்டும், பேட்டரியில் அவ்வளவு இல்லை. அப்போது 120 வாட் மடிக்கும் சோலார் பலகை ஒன்று. அந்த வெயிலில் நாளுக்கு 30, 35 ஆம்பியர்-மணி நடைமுறையில் கிடைக்கும். பலகை வெயிலில், வண்டி நிழலில்; பலகைக்கு நீளமான வயர் வாங்குங்கள். பின்னொரு நாள் ஜூலையில் அதே இடத்துக்குப் போனால் ஒன்று நினைவிருக்கட்டும்: இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், உறைந்த லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியில் அதைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கும், வாங்கும்போது கேளுங்கள்.

அம்மாவின் இன்சுலின் விஷயத்தில் பயம் சூட்டால் மட்டும் இல்லை, குளிராலும்தான். ஃப்ரிட்ஜில் வைக்கும்போது 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த ஃப்ரிட்ஜ்களில் அடிப்பக்கமும் சுவரோரமும் காட்டும் எண்ணைவிடக் குளிராக இருக்கும். மருந்தைத் துணியில் சுற்றி மேல் கூடையில் வையுங்கள், ஃப்ரிட்ஜை 4-இல் வையுங்கள், பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர். இறைச்சியை உறைய வைக்க அதே ஃப்ரிட்ஜை மைனஸுக்குத் தள்ள உங்கள் வீட்டில் யாராவது ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்பை ஒன்றில் பாதி மருந்தைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜே நின்றாலும் அவருக்கு மருந்து கையில் இருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாம் மாட்டி முடித்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் ஒரு அளவும் சார்ஜரின் உள்வாயில் ஒரு அளவும் எடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் மாட்டியவரிடமே திரும்பப் போங்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜை நிரப்பி வண்டியை முற்றத்து வெயிலில் விட்டுவிடுங்கள், ஞாயிறு காலை வரை தொடாதீர்கள். ஞாயிறு காலை முதலில் சாவியைத் திருப்புங்கள், செல்ஃப் ஒரே அடியில் எடுக்க வேண்டும். அப்புறம் ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பாருங்கள்.