எல்லோரும் ஏய்க்கும்போது நான் மட்டும் ஏன் வரி கட்ட வேண்டும்?

கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அரசு வரிப்பணத்தை வீணடிக்கிறது, பெரிய ஆட்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், அப்படியிருக்க ஒழுங்காக வரி கட்டுவது அறமா, ஏமாளித்தனமா?

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் மாதச் சம்பளத்தில் இருந்தேன். அப்போது இந்தக் கேள்வி வந்திருந்தால் ஒரு காசுகூட ஏய்த்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டுத் தனியாக மொழிபெயர்ப்பு வேலைகளை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். மூன்றாவதாக வந்த வாடிக்கையாளர் பணத்தை ரொக்கமாக நீட்டி, "பில் வேண்டாம்தானே?" என்றார். "வேண்டாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசிக்கக்கூட இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது, அந்தப் பதினொரு வருட நேர்மை என்னுடையதே இல்லை, சம்பளப் பட்டியல் போட்டவருடையது.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2014 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கு அமெரிக்க வருமான வரித்துறை போட்ட மதிப்பீட்டில், முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படும் சம்பள வருமானத்தில் ஒளிக்கப்படுவது சுமார் 1 சதவீதம்தான். பிடித்தமும் இல்லை, வேறு யாரும் வரித்துறைக்குத் தகவலும் தருவதில்லை என்ற வகை வருமானத்தில் அது சுமார் 55 சதவீதம். டென்மார்க்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதிலும் இதே கதைதான். சம்பளக்காரர்கள் உத்தமர்கள், தொழில் செய்பவர்கள் திருடர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கூட்டத்துக்கு வாய்ப்பு இருக்கிறது, இன்னொரு கூட்டத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

அதனால் "எல்லோரும் ஏய்க்கிறார்கள்" என்பதில் "எல்லோரும்" என்ற சொல்லே பொய். சம்பளக்காரரால் முடியாது. கடையில் ஒரு சோப்பு வாங்குகிறவர், எவ்வளவு ஏழையானாலும், விலைக்குள் இருக்கும் மறைமுக வரியைக் கட்டாமல் வெளியே வர முடியாது. நான் மறைத்த தொகை பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விடிகிறது. நேரடி வரி வசூலாகாத அரசு மறைமுக வரியில் கை வைக்கும், அதில் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே விகிதம். ஏய்ப்பவர் அரசாங்கத்தை ஏமாற்றியதாக நினைத்துச் சந்தோஷப்படுகிறார். ஏமாந்தது அடுத்த மேசையில் இருப்பவர்.

சரி, அரசு வீணடிக்கிறதே? வீணடிக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் ஏய்த்தபோது வீணாகும் பங்கை மட்டும் கழித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் பங்கைக் கட்டிவிடவில்லையே! போருக்குத் தங்கள் காசு போகக்கூடாது என்று வரி மறுக்கும் அமைதிவாதிகளில் சிலர், அதே தொகையை வேறு பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல உரைகல் இது. நான் உரசிப் பார்த்தேன், ஒரே உரசலில் சாயம் வெளுத்தது. அந்த ரொக்கம் என் சட்டைப்பையைத் தாண்டி எங்கும் போகவில்லை.

உடனே அமெரிக்க எழுத்தாளர் தோரோவையும் காந்தியையும் இழுப்பார்கள். அடிமை முறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று தோரோ 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தார். சாலை வரியை மட்டும் கட்டிவந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். காந்தி 1930இல் உப்புச் சட்டத்தை மீறப் போவதை வைஸ்ராய்க்கே முன்கூட்டி எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். இருவரும் ஊரறியச் செய்தார்கள், வந்த தண்டனையை ஏற்றார்கள். இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் இந்த வரிசையில் வந்து நிற்பது கொஞ்சம் கூச்சமில்லாத வேலை.

சட்டப்படியே வரியைக் குறைத்துக்கொள்வது தனிக் கதை. சலுகை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் அனுமதித்ததெல்லாம் நியாயமாகிவிடாது. தோட்டக்காரருக்குக் கொடுப்பது கூலி அல்ல, பத்திரப்படி தரும் ஆண்டுத்தொகை என்று மாற்றி எழுதி வரியைக் குறைத்தார் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு. 1930களில் அந்த வழக்கு, அப்போது அங்கே கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போனது, அவர்தான் ஜெயித்தார். தோட்டக்காரரால் அப்படி ஒரு பத்திரம் எழுதிக்கொள்ள முடிந்திருக்குமா? பெரிய ஆட்கள் மீதான உங்கள் கோபம் நியாயமானது. அதைக் காட்ட வேண்டிய இடம் இந்தச் சட்டங்கள், உங்கள் வரிக் கணக்கு அல்ல.

அன்றாடங்காய்ச்சி ஒருவர் வயிற்றுப்பாட்டுக்காக நாலு காசை மறைத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். அவரைக் காட்டித் தப்பிக்கும் வசதிக்காரர்களோடுதான் எனக்குச் சண்டை.

அந்த ரொக்கத்தை வருடக் கடைசியில் கணக்கில் காட்டினேன். ஆடிட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொண்ட அன்றே பில்லை அனுப்பிவிடுகிறேன். அந்தக் கேள்வியை மறுபடி யாராவது கேட்டால் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.