34 வயதில் கொலனோஸ்கோபி அவசியமா? மூலம் என்று நம்பியிருந்த ஒருத்தியின் பதில்

கேள்வி கேட்டவருக்கு வயது 34. ஆறு மாதமாக மலத்தோடு அவ்வப்போது ரத்தம் போகிறது. அது மூலமாகத்தான் இருக்கும் என்று அவர் நினைக்கிறார். மருத்துவரோ கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துவிடலாம் என்கிறார். இந்த வயதில் அது தேவையா, அல்லது பணத்துக்காகச் சொல்கிறாரா என்பது கேள்வி. இதற்கு முன் வந்த பதில்களில் மூன்று, துத்தி இலையைப் பரிந்துரைக்கின்றன. துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு விளக்கெண்ணெயில் வதக்கி ஒன்றரை ஆண்டு சாப்பிட்டவள் என்ற தகுதியில்தான் நான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. விருதுநகர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துபவள்.

எனக்கு ரத்தம் போகத் தொடங்கியபோது 36 வயது. அதற்கு மூலம் என்று பெயர் வைத்தது எந்த மருத்துவரும் அல்ல, நான்தான். பேருந்து நிலையச் சுவரிலிருந்து பாலத்துத் தூண் வரை "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இன்றி" என்று படித்தே வளர்ந்த ஊரில் வேறு பெயர் நினைவுக்கு வராது. மருத்துவரிடம் போனபோதும், கதவு திறந்திருக்க, கம்பவுண்டர் காது கேட்க, "பழைய மூலத் தொந்தரவு சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு நானே சொல்லி முடித்துவிட்டேன். அவர் களிம்பும், மலம் இளகுவதற்குத் தூளும் எழுதிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர்கூடக் கையுறை போட்டு விரலால் பரிசோதிக்கவில்லை. கேட்டிருந்தால் வெட்கப்பட்டு நானே வேண்டாம் என்றிருப்பேன், அதை மறைக்கவில்லை. ஆனால் யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. இரண்டாவது மாடியில் இருக்கும் பத்தாம் வகுப்புக்கு ஏறிப் போய், பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகையில் தேதியை எழுதுவதுபோலத் திரும்பி நின்று மூச்சைச் சமன் செய்துகொள்வது என் வழக்கமாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9 என்று வந்தது. பெண் என்றால் ரத்தசோகைக்கு மாதவிலக்கைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவைத்தார்கள். அந்த மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். கறுப்பில் சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனதும், ரத்தம் நின்றுவிட்டது என்று திருச்செந்தூருக்கு வேண்டுதல் நிறைவேற்றப் போய்வந்த புத்திசாலி நான்.

மூன்று மாதம் மாத்திரை விழுங்கியும் அளவு ஏறாததைக் கவனித்தவர், மதுரையில் நான் பார்த்த ஓர் இளம் மருத்துவர். குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா எப்படி இறந்தார் என்றார். "வயிற்றுக்கட்டி" என்றேன். வயிற்றில் எங்கே என்று அவர் கேட்டபோதுதான், 27 ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லைத் தாண்டி எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. அன்றிரவு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பத்திரங்களுக்கும் ரேஷன் கார்டுக்கும் அடியிலிருந்து 1996ஆம் ஆண்டுத் தாள் ஒன்றை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, மை வெளிறிப்போயிருந்த அதில் "ரெக்டோசிக்மாய்ட் குரோத்" என்று எழுதியிருந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி என்று பொருள். அப்பாவுக்கு அப்போது 47 வயது.

பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இவற்றில் எது முந்தி வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. 47இல் பத்தைக் கழித்தால் 37. எனக்கு அப்போது 38. கணக்கு ஆசிரியைக்கு இந்தக் கழித்தலை வேறொருவர் செய்து காட்ட வேண்டியிருந்தது.

பரிசோதனையைவிட அதற்கு முந்தைய இரவுதான் கடினம் என்று எல்லோரும் சொல்வது உண்மை. இரும்பு மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளுமாம். முதல் நாள் முழுவதும் இளநீர், வடிகட்டிய ரசம், தெளிந்த கஞ்சித் தண்ணீர். சிவப்பு நிறத்தில் எதுவும் கூடாது. மாலையில் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர், எலுமிச்சை வாசனை போட்ட உப்புக் கரைசல்போல. அதைக் குடிப்பதும் ஓடுவதுமாக நள்ளிரவு வரை போனது. மறுநாள் கையில் ஊசி போட்டதும் பாதி உறக்கம். இடையில் கண் விழித்தபோது திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம் ஒன்று தெரிந்தது. அதன் ஒரு பக்கத்திலிருந்து, காம்போடு கூடிய நாவல்பழம்போலக் கருஞ்சிவப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று போய் அந்தக் காம்பைச் சுற்றி இறுகியது. குடலின் உட்புறத்துக்கு வெட்டு வலி தெரியாது என்பதால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிற்பகலில் ஃபார்மலின் நிரப்பிய சிறு டப்பாவை என் கணவர் கையில் கொடுத்து, எதிர்த்தெருவில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன் என்று அவர் இன்றும் சொல்வார்.

அதன் அளவு 2.4 சென்டிமீட்டர். டியூபுலோவில்லஸ் அடினோமா, ஹைகிரேட் டிஸ்பிளேசியா, வெட்டிய விளிம்பில் மாற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. அதாவது, புற்றுநோயாகிவிடவில்லை, ஆனால் வாசல்படிக்கு வந்துவிட்டது. கொலனோஸ்கோபி அறிக்கையின் கடைசி வரியில் முதல்நிலை உள்மூலமும் இருந்தது. ஆகவே நானும் அந்த மூன்று மருத்துவர்களும் பொய் சொல்லவில்லை. மூலம் இருந்தது, அதைச் சொன்னதோடு தேடுவதை நிறுத்திவிட்டோம்.

குடலின் உட்சுவரில் இப்படி வளரும் சதைமொட்டுக்குப் பாலிப் என்று பெயர். எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயமுறுத்துகிறேன் என்று யாராவது வருவார்கள். ஹைப்பர்பிளாஸ்டிக் வகையில் வரும் சின்னப் பாலிப்புகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவை. எனக்கு வந்த அடினோமா வகையில்கூட ஒரு சிறு பகுதிதான் புற்றுநோயாக மாறும், அதற்கும் வழக்கமாகப் பத்து ஆண்டுகள்வரை ஆகும். அந்தப் பத்து ஆண்டுதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம், பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தக் கதை அங்கேயே முடிகிறது. லிஞ்ச் என்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த அவகாசம் மிகவும் சுருங்கிவிடும். அதற்கான மரபணுப் பரிசோதனையில் எனக்கு எதுவும் தென்படவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இந்த வயதில் தேவையா" என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் பெருங்குடல் பரிசோதனையைத் தொடங்கும் வயதை, இளையவர்களிடம் இந்நோய் கூடிவருவதைப் பார்த்து, 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் நடிகர் சாட்விக் போஸ்மன் 43 வயதில் இந்நோயால் இறந்திருந்தார். அது அமெரிக்காக்காரர்களின் நோய் என்று அந்தச் செய்தியை நான் அன்று கடந்துபோனேன். நம் நாட்டில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் அரசின் பரவலான பரிசோதனைத் திட்டம் உண்டு, குடலுக்குக் கிடையாது. ஆனால் அந்த 45 என்பது அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கான வயது. உங்களுக்கு ஆறு மாதமாக ரத்தம் போகிறது; நீங்கள் அந்த வரிசையில் நிற்பவரே அல்ல. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே உங்கள் விஷயத்தில் கேள்வி, அதற்கு வயது விடையாகாது.

உங்கள் மருத்துவர் பணத்துக்காகச் சொல்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்பவர்களே இல்லை என்று நான் வாதாட மாட்டேன், தலைவலிக்கு ஸ்கேன் எழுதும் உலகம்தான் இது. எனக்கு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, என்றாலும் இல்லாத ஒன்றல்ல. முதலில் விரலாலும் சிறு குழாயாலும் ஆசனவாயைப் பார்த்தாரா, ஹீமோகுளோபின் எவ்வளவு, எடை குறைந்திருக்கிறதா, மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா, வீட்டில் யாருக்கு என்ன வந்தது என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், குடலின் இடப்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றுகூட அவர் சொல்லலாம். பார்க்காமலே மூலம் என்று எழுதிக்கொடுப்பவரைவிட, பார்க்க வேண்டும் என்று சொல்பவரை நான் நம்புவேன். உங்கள் வீட்டிலும் "வயிற்றுக்கட்டி"யில் போனவர் யாராவது உண்டா என்று மறக்காமல் கேளுங்கள்.

ஏன் இளையவர்களுக்கு வருகிறது என்பதற்கு உறவினர்களிடம் விடை தயாராக இருக்கிறது. பரோட்டா என்றார் என் அத்தை. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதால் உடம்புச் சூடு என்றார் பக்கத்து வீட்டு அக்கா. உடற்பருமன், மது, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்பது உறுதியானதே. குடலில் வாழும் ஈகோலி கிருமிகளில் சில உண்டாக்கும் கொலிபாக்டின் என்ற நச்சின் தடம் 40 வயதுக்குட்பட்டவர்களின் கட்டிகளில் கூடுதலாகக் காணப்படுவதாக 2025இல் ஓர் ஆய்வு வெளிவந்தது, அதுவே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. நானோ 52 கிலோ, மதுவும் இறைச்சியும் தொடாதவள். நோய் வந்தவளிடம் "நீ என்ன தின்றாய்" என்று கேட்பதை முதல் விசாரிப்பாக வைத்திருக்கும் வழக்கத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய ஆதங்கம் என் தம்பி. அவனுக்கு இப்போது 37. அப்பாவின் தாளையும் என் அறிக்கையையும் அவன் கையில் கொடுத்து ஆண்டுகள் ஆகின்றன. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே அக்கா" என்கிறான். அவனிடம் சொல்லி அலுத்ததைத்தான் உங்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லியிருக்கிறேன் போலும்.

தேதி குறித்துவிட்டால், மறுநாள் விடுமுறை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்தின் பிடி முழுவதும் விடாது என்பதால் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். இளநீர் நான்கு வாங்கி வையுங்கள். அந்த மருந்துத் தண்ணீரைக் குளிர வைத்துக் குடித்தால் கொஞ்சம் தேவலை.