4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 20 நிமிடம் படுத்தால் போதும் என்று ஏ/எல் படிக்கிற மகன் சொல்கிறான். விடலாமா?

விடாதேங்கோ. அவர் சொல்வது ‘ஊபர்மான்’ என்று இணையத்தில் ஓடுகிற முறை: ஒரு நாளைக்கு ஆறு தரம், தரத்துக்கு 20 நிமிடம், மொத்தம் 2 மணித்தியாலம். இரவில் 3 மணித்தியாலமும் பகலில் மூன்று தரம் 20 நிமிடமும் படுக்கிற ‘எவ்ரிமான்’ இதன் தம்பி. டா வின்சியும் இப்படித்தான் படுத்தார் என்பார்கள். அதற்கு அவர் காலத்து ஆதாரம் ஒன்றும் இல்லை. தனியாகப் பாய்க்கப்பல் ஓட்டுகிறவர்கள் துண்டு நித்திரை கொள்வது உண்மை, ஆனால் அது வேறு வழியில்லாமல் செய்வது.

நித்திரையின் ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். ஆழ்ந்த நித்திரையில் பெரும்பங்கு இரவின் முன்பகுதியிலும், கனவு நித்திரை விடியப்புறமும் வரும். பகல் முழுக்கப் படித்தது மனதில் ஊறுவதற்கு இரண்டும் வேண்டும். 20 நிமிடத்தில் அங்கே போய்ச்சேர முதலே அலாரம் அடித்துவிடும். ‘உடம்பு பழகிவிடும்’ என்பார்கள். நடப்பது வேறு: நாலைந்து நாளில் நித்திரைக்குக் காய்ந்த மூளை படுத்த உடனே ஆழத்துக்கு விழும். அலாரத்தை நிப்பாட்டியதே நினைவில்லாமல் பிள்ளை 4 மணித்தியாலம் கிடப்பார். எழுப்பினாலும் அரை மணித்தியாலம் மந்தமாகத்தான் இருப்பார். பகல் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிற உடம்பு மணிக்கூட்டையும் ஆறாகப் பிரிக்க முடியாது. விடியப்புறம் 3 மணியிலிருந்து 5 மணிக்குள் அது ஆளை அமத்தியே தீரும்.

2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், 14 இரவு 6 மணித்தியாலம் மட்டும் படுத்தவர்களின் கவனம், முழு இரவு முழித்திருந்தவர்களின் அளவுக்கு இறங்கியது. அவர்களுக்கோ ‘கொஞ்சம் களைப்பு’ என்ற நினைப்புத்தான். 6 மணித்தியாலத்துக்கே இந்தக் கதை.

ஆனால் இரண்டாக உடைப்பதில் பிழையில்லை. இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்து 4.30க்கு எழும்பட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டபின் 2.15 அளவில் 20 முதல் 25 நிமிடம். இரண்டும் சேர்ந்து 7 மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும், 18 வயதுவரை 8 மணித்தியாலம்தான் சிபாரிசு, அதனால் இதற்கும் கீழே இறங்க விடாதேங்கோ. ரியூசன் இல்லாத நாளில் 90 நிமிடமாக நீட்டலாம், ஆனால் 4 மணிக்கு முதல் எழும்ப வேண்டும். நடுவில் 45, 60 நிமிடம் என்று வைப்பதுதான் மோசம்: ஆழத்தில் இருக்கும்போது எழுப்பினால் தலை கனத்துப் பின்னேரப் படிப்பும் போய்விடும்.

பகலில் படுக்க முதல் ஒரு பிளேன்ரீ குடிக்கச் சொல்லுங்கோ. அது வேலை செய்யத் தொடங்க 20, 30 நிமிடமாகும், எழும்பும்போது சரியாக இருக்கும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி கழியவே 5 மணித்தியாலம் அளவில் செல்லும். மத்தியான வெக்கையில் தகரக் கூரை அறைக்குள் நித்திரை வராது. விறாந்தையில் சாய்மனைக் கதிரை நல்லது, அதில் ஆழமாகவும் போகமாட்டார். போன் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி 4 மணிக்கே எழுப்பினால், படுக்கிற நேரத்தை 9.30க்கு இழுங்கோ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை 9 மணிவரை படுக்கவிட்டால் அன்று இரவே நித்திரை பிந்தும்.

ஆஸ்பத்திரி இரவுக் கடமைக்கோ இரவுக் கடல் தொழிலுக்கோ போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அவர்கள் எந்த நாளும் மாறாத ஒரே நேரத்தில் குறைந்தது 4 மணித்தியாலத்தை நங்கூரமாகப் போட்டு, மிச்சத்தை வேலைக்கு ஏற்ற மாதிரி எடுக்கலாம். முழு இரவு முழித்த உடனே மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. கண் திறந்தபடியே சில வினாடி நித்திரை அடிக்கும், ஓடுகிறவருக்கே அது தெரியாது.

மகனுக்கு வலிப்பு இருந்தால் நித்திரையைக் குறைக்கிற எந்தப் பரிசோதனையும் வேண்டாம். நித்திரைக் குறைவே வலிப்பைக் கொண்டுவரும்.