பரணில் கிடைத்த துப்பாக்கி: ஒரு கடிதம்

ஐயா,

தஞ்சைப் பீரங்கிமேட்டுப் பீரங்கி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு மன்னார்குடிப் பக்கம் கிராமம். வீட்டைப் பிரித்துக் கட்டப் பரணை ஒழித்தபோது, சாக்கில் சுற்றிய நீளத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. நிறுத்தினால் என் மார்புக்கு வருகிறது. குழலையும் கட்டையையும் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகள் இரண்டு உள்ளன. மூன்றாவது இருந்த தடம் தெரிகிறது. பக்கத் தகட்டில் ஒரு கிரீடமும், ஆங்கிலத்தில் 'டவர்' என்ற எழுத்தும். தாத்தாவிடம் உரிமம் இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. "வம்பு எதுக்கு, பாமணியாத்துல போட்டுடு" என்கிறார் அப்பா. எனக்கோ இதிலிருந்து தொடங்கிப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது? உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, வரும் ஞாயிறு பஸ்ஸில் கொண்டுவந்து உங்களிடம் காட்டட்டுமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொண்டுவர வேண்டாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஆற்றில் போடும் யோசனையை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவையுங்கள்.

முதலில் அது கெட்டித்த, அதாவது மருந்தும் குண்டும் உள்ளே இருக்கிற, துப்பாக்கியா என்று தெரிய வேண்டும். வாய்வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் அந்தக் காலத் துப்பாக்கியைத் திருடனுக்கோ பன்றிக்கோ பயந்து கெட்டித்து வைத்துவிட்டு, அப்படியே மறந்துபோனவர்கள் உண்டு. ஈரம் படாத கருமருந்துக்கு வயதாவதில்லை. நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். குழலின் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி கிடத்துங்கள். உங்கள் முகமும் உடம்பும் அதற்கு நேரே போகக்கூடாது. மெல்லிய மூங்கில் குச்சியை (கம்பி கூடாது) மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் குச்சியின்மேல் குறி போடுங்கள். வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கவாட்டில் அதே குறியை வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, குதிரை (விசையை இழுத்தால் சுத்திபோல் விழும் பாகம்) அடிக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். மூன்று நான்கு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாகவும் இருக்கலாம். ஆனால் மருந்து என்றே எண்ணிக் கையை எடுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்து சட்டம். "பழசுக்கு லைசென்ஸ் வேண்டாம் சார்" என்று பத்துப் பேர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் அது பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். துரு ஏறியது, குதிரை நகரவில்லை என்பதெல்லாம் போதாது. நம்மூர்க் கொல்லர் ஒரே நாளில் சரிசெய்துவிடக் கூடியது என்றால் அது துப்பாக்கிதான். 2020இல் ஆயுத விதிகளைத் திருத்தி, 'கியூரியோ' (பழமைக்காகப் பாதுகாக்கும் அரும்பொருள்) வகைத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்றார்கள். எடுத்துப்போகவும் சுடவும் அப்போதும் உரிமம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் வேண்டாம் என்றது அதனால்தான். உங்களுடையது கியூரியோவா என்று முடிவுகட்ட வேண்டியதும் நீங்களோ நானோ அல்ல. கிடைத்த நாள், இடம், புகைப்படம் எல்லாம் சேர்த்துத் திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, எழுத்து மூலமே பதில் வாங்குங்கள். தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் டிரங்குப் பெட்டியில் அகப்பட்டால் வாரிசு வழியில் கேட்கவும் வழியிருக்கிறது. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருடைய உரிமத்தில் இரண்டு துப்பாக்கிக்குத்தான் இடம். சுவர் நிறைய மாட்டும் கனவு அங்கேயே முடிந்தது.

இனி ருசியான பகுதிக்கு வருகிறேன். நம் பக்கத்து மிராசுதார் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார்களே, அது. உங்களுடையது அந்த ஜாதி இல்லை. வியாபாரி பார்த்தால் 'பிரவுன் பெஸ்' என்பார். கம்பெனிச் சிப்பாய் தூக்கிய, கல் உரசும் பொறியில் வெடிக்கும் அந்தச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் பட்டையே கிடையாது. குழலைக் கட்டையில் ஊசிகளால் பூட்டியிருப்பார்கள். (துப்பாக்கி, சக்கிமுக்கி இரண்டு சொல்லுமே துருக்கி மொழியில் வேர்விட்டவை. பொருளோடு பெயரும் வந்து இறங்கியிருக்கிறது.) மூன்று பட்டையும் டவர் (லண்டன் கோட்டை ஆயுதசாலை) முத்திரையும் சொல்வது 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியை. கொழுப்புத் தடவிய தோட்டா என்று 1857இல் வடக்கே பற்றி எரிந்ததே, அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குத்தான். மூங்கில் சோதனையில் காலி என்று உறுதியான பிறகு, வாயின் உள்விளிம்பைச் சுண்டுவிரல் நுனியால் தடவிப் பாருங்கள். மூன்று வரிப்பள்ளங்கள் தட்டுப்பட்டால் ரைஃபிள். வழவழப்பாக இருந்தால் இன்னும் சுவாரசியம். கலகத்துக்குப் பின், இந்தியச் சிப்பாய் கையில் ரைஃபிள் கொடுக்க அஞ்சிய ஆங்கிலேயர், வெளியே பார்க்க அதே போலவும் உள்ளே வரி இல்லாமலும் செய்து கொடுத்தார்கள். சந்தேகத்தையே வார்த்து எடுத்த துப்பாக்கி அது.

போலியாகவும் இருக்கலாம். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நானும் ஒரு 'டவர்' வாங்கினேன். தகட்டில் 1799 என்றிருந்தது. ஆனால் குதிரையோ தொப்பி வெடிக்கானது, அதாவது கல்லுக்குப் பதிலாக மருந்து வைத்த சின்ன உலோகத் தொப்பியை அடித்து வெடிக்க வைப்பது. பிரிட்டிஷ் படைக்கு அது வர இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறதே என்றால், சக்கிமுக்கியிலிருந்து மாற்றியது என்றார் கடைக்காரர். மாற்றியிருந்தால் பழைய திருகுத் துளைகளை அடைத்த தடம் தகட்டில் இருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து. குழலை நான்கு விரற்கடைக்கு மேல் துளைக்கவேயில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆக, சட்டத்துக்கு முழுக்க உட்பட்டு ஏமாந்திருக்கிறேன்.

ஆகவே ஒரு வருஷம் எதையும் வாங்காதீர்கள். பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலைப் பொருள்கள் இருக்கின்றன. ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் துப்பாக்கிகள் உண்டு. 1620இல் தொடங்கிய தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை உங்களுக்கு அரைநாள் பயணம். 1749இல் கொள்ளிடக் கழிமுகத்துத் தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை தஞ்சையை முற்றுகையிட்டுத் திரும்பியது. எந்தப் படை எதைத் தூக்கிக்கொண்டு நம் வயல் வரப்பில் நடந்தது என்று பிடிபட்ட பிறகு கடையில் கண் தானாகத் தேறும். மண்ணைத் தோண்டி ஈயக்குண்டு தேடப் போகாதீர்கள். புதையல் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் நல்ல விலை வரும் என்று வருகிறவரிடம் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடுவதில்லை.

துரு விஷயம். உப்புத்தாள் முதலில் தின்பது முத்திரையைத்தான். அது போனால் உங்களிடம் மிஞ்சுவது இரும்புக் குழாய். தையல் மிஷின் எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு, உதிர்கிற துருவை மட்டும் துடையுங்கள். தேங்காயெண்ணெய் பிசுக்காகிவிடும். சாக்கில் திரும்பச் சுற்றாதீர்கள், ஐப்பசி ஈரத்தை முழுக்க அது குடித்து வைத்திருக்கும். கட்டையில் கறையான் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்த பிறகு எனக்குப் படங்கள் அனுப்புங்கள். பக்கத் தகடு நேராக ஒன்று, குழலின் அடிப்பக்க முத்திரைகள் ஒன்று, கட்டையின் வலப்பக்கம் ஒன்று. கிரீடத்துக்குக் கீழே 'வி.ஆர்.' (விக்டோரியா ராணியின் பெயரெழுத்து) இருக்கிறதா? அல்லது முன்கால்களில் கிரீடம் பிடித்த சிங்கம் எங்காவது தெரிகிறதா? சிங்கம் இருந்தால் அது கம்பெனிச் சொத்து. அப்படியானால் மன்னார்குடிப் பரணுக்கு அது எப்படி வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும். அத்தை பாட்டி யாராவது இருக்கிறார்களா?