வாசகர் கேள்வி-பதில்: ஸ்கேன் மெஷினும் தத்துவமும்

கேள்வி: பொண்ணு மெக்கானிக்கல் முடிச்சு நல்ல வேலையில இருந்தா. இப்ப அதை விட்டுட்டு நெதர்லாந்து போய் டெக்னாலஜியோட தத்துவம் படிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இன்ஜினியருக்கு தத்துவம் எதுக்குங்க? அதையும் அவ்ளோ தூரம் போய்த்தான் படிக்கணுமா?
– ஒரு அம்மா, ஈரோடு

அம்மா, கையில இருக்கிற வேலையை விடுறான்னா எந்த வீட்லயும் பதறத்தான் செய்வாங்க. ஆனா உங்க பொண்ணு விசாரிச்சுத்தான் கேட்டிருக்கா. அங்க ட்வென்டே, டெல்ஃப்ட், ஐந்தோவன்னு மூணு டெக்னிக்கல் யுனிவர்சிட்டி, இன்ஜினியர் பசங்களுக்கு நடுவுலயே தத்துவ ஆளுங்களும் உக்காந்து வேலை பாக்குற இடங்க, 2007ல மூணும் சேர்ந்து தொழில்நுட்ப அறவியலுக்குன்னே ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. 2020ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டமும் ஓடுது, 1.79 கோடி யூரோ அரசுப் பணம்.

சரி, என்னதான் ஆராயுறாங்க? ட்வென்டேல ரொம்ப வருஷம் இருந்த தத்துவக்காரர் பீட்டர் பால் வெர்பேக் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைப் பத்தி எழுதியிருக்கார். ஸ்கேன் வெறுமனே குழந்தையைக் காட்டல, அம்மாகிட்ட இருந்து அதைத் தனியாப் பிரிச்சு ஒரு நோயாளி மாதிரி திரையில வைக்குது, அதுல குறை ஏதாச்சும் தெரிஞ்சா என்ன பண்றதுன்னு முடிவெடுக்க வேண்டிய பாரம் பெத்தவங்க தலையில வந்து விழுதுங்கிறார்.

இதைப் படிச்சப்ப எனக்கு என் அக்காகூட ஸ்கேனுக்குப் போன நாள்தான் ஞாபகம் வந்துச்சு. டாக்டர் வயித்துல ஜெல் தடவி, இது தலை, இது முதுகெலும்பு, இதோ இதயம் துடிக்குது பாருன்னு ஒவ்வொண்ணாக் காட்டினாங்க, அந்த ஒண்ணை மட்டும் சொல்லவே மாட்டாங்க. உள்ள போறதுக்கு முன்னாடியே ஆணா பெண்ணான்னு தெரிஞ்சுக்க விரும்பலைன்னு ஃபார்ம் எஃப்ல அக்கா கையெழுத்துப் போட்டிருந்தா. அங்க பெத்தவங்களை முடிவெடுக்க வச்ச அதே மெஷின் இங்க பொண்ணுங்களைப் பொறக்கவே விடாம பண்ணுச்சு, அதைத் தடுக்க 1994ல தனிச் சட்டமே போட வேண்டி வந்துச்சு. இதை நெதர்லாந்துக்காரங்க மட்டும் உக்காந்து யோசிச்சா பாதிதான் தெரியும். அந்த ஃபார்மைப் பாத்து வளர்ந்த ஒரு பொண்ணு அந்த ரூம்ல இருக்கணும். அனுப்பி வைங்கம்மா.

கேள்வி: டிரைவர் இல்லாத கார் யாரைக் காப்பாத்தணும்னு உலகம் பூரா கேட்டாங்களாமே, அதை வச்சே ரூல் போட்டுடலாம்ல?
– கல்லூரி மாணவர், மதுரை

அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி யுனிவர்சிட்டி ஆளுங்க 2016ல ஆன்லைன்ல ஆரம்பிச்சது அது. கார்ல பிரேக் பிடிக்கல, நேராப் போனா வயசானவங்க, திருப்பினா சின்னப் பசங்க, நீ என்ன பண்ணுவேன்னு கேக்கும். 233 நாடுகள், பிரதேசங்கள்ல இருந்து கிட்டத்தட்ட 4 கோடி பதில் வந்துச்சு. 2018ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல இதைப் பத்தி வந்த கட்டுரையை எழுதினவங்கள்ல பிரான்ஸ், கனடா உளவியல்காரங்களும் உண்டு. சின்ன வயசுக்காரங்களைக் காப்பாத்தணும்ங்கிற சாய்வு ஜப்பான், தைவான் பக்கம் கம்மியா இருந்துச்சு.

ஆனா தம்பி, நெட் இருக்கிறவங்கதான் அதுல பதில் சொன்னாங்க, ரோட்டைக் கடக்குற பாட்டிகிட்ட யாரும் கேக்கல. நிறைய பேர் சொன்னாங்கங்கிறதுக்காக அது நியாயம் ஆயிடாது. ஊருக்கு ஊர் எங்க மாறுதுன்னு காட்டினதுக்கு அது பெரிய வேலை, அதையே ரூலாப் போடக் கூடாது.

கேள்வி: இப்படிப் பேசிப் பேசி எதாவது மாறியிருக்கா?
– வாசகர், நாகர்கோவில்

2021ல யுனெஸ்கோவுல 193 நாடு சேர்ந்து ஏஐ அறவியலுக்கு ஒரு பரிந்துரை ஏத்துக்கிட்டாங்க, ஆனா அது சட்டம் இல்ல. நான் சொல்ல ஆசைப்படுறது வேற. 1953ல நெதர்லாந்துல கடல் உள்ள வந்து 1,836 பேர் செத்தாங்க. இனி வரவே கூடாதுன்னு ஓஸ்டர்ஸ்கெல்ட முகத்துவாரத்தை அணை போட்டு மொத்தமா அடைக்கத் திட்டம். உப்புத் தண்ணி வரலைன்னா சிப்பியும் மட்டியும் செத்துப்போகும், எங்க பொழப்பும் போகும்னு மீனவங்க எதிர்த்து நின்னாங்க, சுற்றுச்சூழல் ஆட்களும் கூட நின்னாங்க. உயிரா, பொழப்பான்னு சண்டை போட்டுக்கிட்டே இருந்திருக்கலாம். ஆனா டிசைனையே மாத்தினாங்க, செலவு ஏறினாலும் பரவாயில்லைன்னு. மாத்த வச்சது தத்துவக்காரங்க இல்ல, மீனவங்க. ஆனா ஒரு டிசைன்ல யார் யாரோட நியாயத்தை எப்படிச் சேக்குறதுன்னு டெல்ஃப்ட்ல பாடம் எடுக்கிறவங்க இதைத்தான் உதாரணம் காட்டுறாங்க. 1986ல திறந்தப்ப அந்த அணையில 62 இரும்புக் கதவு. சாதாரண நாள்ல எல்லாம் தூக்கியே இருக்கும், அலை உள்ள போகும் வரும், கடல் மட்டம் 3 மீட்டர் ஏறும்னு தெரிஞ்சா மட்டும் கதவை இறக்குவாங்க. உள்பக்கம் இன்னைக்கும் சிப்பி வளக்குறாங்க.